யானைமேல் துஞ்சிய தேவர்

அரசர்களின் விருதுப் பெயர்கள் என்றதும் நம் ஜனங்களுக்கு ஞாபகம் வருபவை 'கங்கைகொண்டான்', 'கடாரங்கொண்டான்' போன்ற ஆரவாரமான பட்டங்களே. அவை அரசன் ஜீவித்திருக்கையிலேயே, அவன் சம்மதத்தோடு, கல்லிலும் செம்பிலும் ஏறியவையாதலால், அவற்றில் சரித்திரத்தோடு சுயபிரதாபமும் சற்றுக் கலந்தே இருக்கும். சோழர் சாஸனங்களில் வேறொரு ஜாதிப் பெயர்களும் உண்டு; அவை அரசன் கண்மூடிய பின்னர்ப் பிறர் இட்டவை, அவன் எங்கே மாய்ந்தான் என்பதை மட்டும் சொல்லி அடங்குபவை. என் பிரியமெல்லாம் இவற்றின்மீதுதான்.

கி.பி. 949-இல், அரக்கோணத்தை அடுத்த தக்கோலத்தில், இராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனுடைய சேனையைப் பராந்தக சோழனின் மூத்த குமாரன் இராஜாதித்தன் எதிர்த்தபோது, கங்க மன்னன் பூதுகனால் அவ்விளவரசன் கொல்லப்பட்டான் என்றும், அதற்குச் சன்மானமாக வனவாசி முதலிய நாடுகள் பூதுகனுக்குக் கிடைத்தன என்றும் கன்னட நாட்டு ஆதகூர்ச் சாஸனம் பெருமையோடு கூறுகிறது. வென்றவன் 'கச்சியும் தஞ்சையும் கொண்ட கன்னரதேவன்' ஆனான். தோற்று மடிந்தவனோ, சோழநாட்டாருக்கு 'ஆனைமேற்றுஞ்சின தேவர்' ஆனான். தோல்வியை மறைக்காமலே, புறங்காட்டாது ஆனையின்மீதிருந்தபடியே உயிர்விட்டான் என்ற கீர்த்தியை அவனுக்குத் தேடித்தந்த அந்தச் சொற்றொடருக்கு ஈடாக எந்த மெய்க்கீர்த்தியைச் சொல்வது? நூறாண்டுக்குப் பின், சாளுக்கிய சோமேசுவரனோடு கொப்பத்தில் நடந்த போரில் முதலாம் இராஜாதிராஜன் வீழ, அவன் தம்பி இரண்டாம் இராஜேந்திரன் போர்க்களத்திலேயே முடிசூடிக்கொண்டு வெற்றியை மீட்டான் என்பர். இராஜாதிராஜனுக்கும் அதே 'ஆனைமேற்றுஞ்சின' என்னும் அடைமொழி வாய்த்தது.

இப்பெயர்கள் வெறும் அலங்காரமல்ல. சோழர்கள் ஒருவர்விட்டு ஒருவராக இராஜகேசரி, பரகேசரி என்றே பட்டம் தரித்தமையால், அடைமொழி இல்லாவிடில் பாட்டன் எவன், பேரன் எவன் என்று பிரித்தறிவது துர்லபம். இவ்வழக்கம் சோழர் காலத்தில் புதிதாக முளைத்ததுமன்று. கிள்ளிவளவர் இருவரை வேறுபடுத்தக் குளமுற்றத்துத் துஞ்சியவன், குராப்பள்ளித் துஞ்சியவன் என்று புறநானூற்றுக் குறிப்புகளே வகுத்துக் காட்டியிருக்கின்றன.

ஆதித்தன் தொண்டைமானாற்றூரிலும், அரிஞ்சயன் ஆற்றூரிலும் துஞ்சினர். கண்டராதித்தனை மட்டும் 'மேற்கெழுந்தருளின தேவர்' என்றார்கள். சிவபக்தனாகிய அவன் மேற்குத் திசை நோக்கி யாத்திரை போய்த் திரும்பாதிருந்தானோ, அன்றி மரணத்தையே அப்படி நயமாகச் சொன்னார்களோ, பண்டிதர்கள் இன்னும் வாதிக்கிறார்கள். யாத்திரை என்னும் கட்சியே எனக்கு உசிதமாகப் படுகிறது. மற்றவர்க்கெல்லாம் கூசாமல் 'துஞ்சின' என்று எழுதியவர்கள், இவனொருவனுக்காகச் சொல்லை மாற்ற வேண்டிய காரணம் வேறென்ன?

காஞ்சிபுரத்துப் பொன்மாளிகையில் இறந்த சுந்தரசோழன் 'பொன்மாளிகைத் துஞ்சின தேவர்' எனப்பட்டான். அவன் மகள் குந்தவை தஞ்சைப் பெரிய கோயிலில் தந்தைக்குப் பிரதிமை எழுந்தருளுவித்தபோது, கல்லில் வெட்டுவித்ததும் அந்தப் பெயரையே. அவன் மகன் இராஜராஜனோ, ஆற்றூர்த் துஞ்சின தன் பாட்டனுக்காக வேலூர்ப் பக்கத்து மேல்பாடியில் ஒரு பள்ளிப்படைக் கோயில் எடுத்தான். அக்கோயில் இன்றும் நிற்கிறது, அவ்வழியாகப் போகிற வாசகர்கள் ஒருமுறை இறங்கிப் பார்க்கலாம்.