பெயரொப்புமை காணும் இரு முறைகள்

புத்தளக் கரையில் ஓரூருக்கே பல பெயர்வடிவங்கள் வழங்குகின்றன. கற்பிட்டியைப் பழைய ஆங்கில ஏடுகள் 'கல்பென்டைன்' என்றெழுதின. உடப்பு சிங்களத்தில் 'உடப்புவ' எனவும், சிலாபம் 'ஹலாவத' எனவும் வழங்கும். முன்னோரின் காணியுறுதியைத் தேடுவோர் ஒரு வடிவத்தை மட்டும் அறிந்திருப்பின் உரிய ஏட்டைக் கண்டடைதல் அரிது. இக்குறை நீக்கக் கணினிகள் கைக்கொள்ளும் முறைகளுள் இரண்டு ஈண்டு ஒப்புநோக்கற்பாலன.

முதலாவது, அமெரிக்கரான இராபர்ட் இரசல் 1918இல் காப்புரிமை பெற்ற 'சவுண்டெக்ஸ்'. உரோமன் எழுத்திலமைந்த பெயரின் முதலெழுத்தை நிறுத்தி, உயிர்களை நீக்கி, ஒலியினமொத்த மெய்களுக்கு ஒரே இலக்கமாக மூன்றிலக்கம் வரை இது வழங்கும். உடப்பு, உடப்புவ இரண்டும் 'யூ310' எனப் பொருந்துகின்றன. ஆயின் கல்பிட்டிய 'கே413' ஆக, கல்பென்டைன் 'சி415' ஆகிறது. 'சி' என்னும் எழுத்திலேயே தொடங்கும் சிலாபமும் 'சி415' ஆதலின், ஓரூர் இரண்டாய்ப் பிரிய, ஈரூர் ஒன்றாய் மயங்குகின்றன.

இரண்டாவது, சோவியத் அறிஞர் லெவன்ஸ்டைன் 1965இல் வகுத்தது. ஒரு சொல்லை மற்றொன்றாக்க வேண்டிய எழுத்துச் சேர்க்கை, நீக்கம், மாற்றம் ஆகியவற்றின் மிகக்குறைந்த தொகையை இது எண்ணும். கற்பிட்டி, கல்பிட்டி இவற்றிடைத் தொலைவு ஒன்று; 'கல்', 'பல்' இவற்றிடையும் ஒன்றே. முன்னையது புணர்ச்சியால் வந்த திரிபு, பின்னையது வேறு சொல் என்பதை எண்ணிக்கை உணராது.

சிலாபத்தையும் ஹலாவதவையும் இவ்விரண்டும் இணைக்கமாட்டா. ஆண்டு ஊர் வரலாறறிந்தோர் தொகுக்கும் பெயர்ப்பட்டியலே துணையாகும்.