கோச்சிடம் எதை எதிர்பார்ப்பது?

“கோச்சிங்” என்னும் இங்கிலீஷ் வார்த்தையைக் கேட்டவுடன் நமது நாட்டில் எவருக்கும் நினைவுக்கு வருவது, பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் டியூஷன் பள்ளிகளே. நாம் இன்று எழுதப் புகுந்த விஷயம் அதுவன்று. வயது வந்த மனிதர், உத்தியோகத்திலோ வியாபாரத்திலோ அமர்ந்திருப்பவர், தமது தொழிலிலும் வாழ்க்கையிலும் அபிவிருத்தி பெறும்பொருட்டு, மணிக்கணக்குக்குப் பணம் கொடுத்து ஒருவருடன் சம்பாஷிக்கிறாரே, அந்தப் புதிய வழக்கத்தைப் பற்றியே எழுதுகிறோம். சென்னையிலும் பெங்களூரிலும் பெரிய கம்பெனிகள் தங்கள் உத்தியோகஸ்தர்களுக்கு இத்தகைய கோச்சுகளை அமர்த்துகின்றன. சொந்தச் செலவில் போகிறவர்களும் உளர். அவரிடம் எது கிடைக்கும், எது கிடைக்காது என்று தெளிவாகச் சொல்வார் அருகியிருக்க, விளம்பரம் செய்வாரோ மலிந்திருக்கிறார்கள்.

வார்த்தையின் பிறப்பே வேடிக்கையானது. ஹங்கேரி தேசத்தில் கோச் என்றொரு கிராமம். அங்கே செய்யப்பட்ட குதிரை வண்டிகள் ஐரோப்பாவில் பெயர் பெற்று, கிராமத்தின் பெயரே வண்டிக்கும் ஆயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலை மாணாக்கர்கள், தங்களை ஏற்றிக்கொண்டுபோய்ப் பரீட்சையைக் கடத்திவிடும் உபாத்தியாயரைப் பரிகாசமாகக் “கோச்” என்றழைத்தார்கள். பிறகு அது விளையாட்டு ஆசான்களுக்கு வழங்கலாயிற்று. 1974-ல் திமோதி கால்வே என்ற அமெரிக்க டென்னிஸ் ஆசான் ஒரு நூல் எழுதி, ஆட்டக்காரனுக்குக் கட்டளைகளை அடுக்குவதைவிட, அவன் பந்தை உற்று நோக்கும்படி செய்தாலே ஆட்டம் திருந்தும் என்று வாதித்தார். மோட்டார்ப் பந்தய வீரராயிருந்த ஜான் விட்மோர் என்னும் இங்கிலீஷ்காரர் அம்முறையைக் கம்பெனிகளுக்குள் கொண்டுவந்தார். 1992-ல் வெளிவந்த அவருடைய நூலில் காணும் முறை நான்கு கேள்விகளில் அடங்கும்: நாடுவது யாது? இப்போதுள்ள நிலை யாது? திறந்திருக்கும் வழிகள் எவை? அவற்றுள் எதைச் செய்யப் போகிறாய்? இன்றும் பெரும்பாலான கோச்சுகளின் மூலதனம் இந்நான்கு கேள்விகளே என்றால் மிகையாகாது.

நான்கு கேள்விகளுக்கு இவ்வளவு பணமா என்று நேயர்கள் நகைக்கலாம். ஆனால் நல்ல கோச் ஒருவரால் விளையக்கூடிய பயனுக்கு நாம் அறிந்தவற்றுள் சிறந்த உதாரணம் ஒன்றுண்டு. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ஸர்ஜன் அதுல் கவாண்டே இந்திய வம்சத்தவர். எட்டு வருஷம் சஸ்திர சிகிச்சை செய்த பிறகு, தமது திறமை மேலே ஏறாமல் ஒரே மட்டத்தில் நின்றுவிட்டதை அவர் கண்டார். பெரிய பாடகர்களுக்கும் டென்னிஸ் வீரர்களுக்கும் கோச் இருக்கும்போது ஸர்ஜனுக்கு மட்டும் ஏன் இருக்கலாகாது என்று எண்ணி, தம்முடைய பழைய ஆசிரியர்களுள் ஒருவரான ராபர்ட் ஆஸ்டீன் என்னும் ஓய்வு பெற்ற ஸர்ஜனை அழைத்துத் தாம் ஆபரேஷன் செய்வதைப் பார்க்கச் சொன்னார்.

தைராய்டு கோளத்தை அகற்றும் ஆபரேஷன் அது. கவாண்டே நூற்றுக்கணக்கில் செய்து பழகியது. அன்றும் செவ்வனே முடிந்தது. குற்றமென்று சொல்ல ஒன்றுமிராது என்றே அவர் நினைத்தார். ஆஸ்டீனோ ஒரு மூலையில் நின்று ஒரு காகிதம் நிறையக் குறித்து வைத்திருந்தார். நோயாளியின்மீது துணி விரித்த விதம் கவாண்டேக்கு வசதியாயிருந்தது. எதிர்ப்புறம் நின்ற உதவியாளருக்கோ இடமில்லை. சில வேளைகளில் அவருடைய முழங்கை தோளளவு உயர்ந்தது. முழங்கை உயர்ந்தால் கை நுட்பம் குறையும். அப்போது காலை நகர்த்தி நிற்கவேண்டும், அல்லது வேறு கருவியை எடுக்கவேண்டும். எல்லாவற்றிலும் விசேஷம் விளக்கின் சமாசாரம். ஆபரேஷன் விளக்கு காயத்தை விட்டு நகர்ந்துபோய், ஏறக்குறைய அரைமணி நேரம் பக்கத்து வெளிச்சத்திலேயே வேலை நடந்திருக்கிறது. அதைச் செய்துகொண்டிருந்தவர் கவனிக்கவேயில்லை! 2011-ல் “நியூயார்க்கர்” பத்திரிகையில் இவ்வளவையும் அவரே எழுதி வெளியிட்டார். ஒரு நோயாளி ஆஸ்டீனைக் காட்டி, “இவர் யார்?” என்று கேட்டாராம். தம்மைக் கவனித்துத் திருத்தங்கள் சொல்ல வந்தவர் என்று பதில் சொன்னதும் நோயாளிக்குத் தைரியம் ஏற்பட்டதாகத் தெரியவில்லை. தேர்ந்தவனுக்கும் ஆசான் வேண்டும் என்பதை உலகம் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை போலும்.

ஆஸ்டீன் சஸ்திர சிகிச்சையைக் கற்பிக்கவில்லை. கவாண்டேக்கு அது நன்றாகத் தெரியும். ஊக்கமூட்டும் பிரசங்கமும் செய்யவில்லை. நேரில் நின்று கண்ணால் பார்த்தார். பார்த்ததை முகதாக்ஷிணியமின்றிச் சொன்னார். நமது ஆபீஸ் கோச்சுகளின் பெருங்குறை இங்கேதான் இருக்கிறது. அவர்களுள் பலர் உத்தியோகஸ்தர் வேலை செய்வதை ஒருநாளும் பார்ப்பதில்லை. பதினைந்து நாளுக்கொருமுறை ஒரு மணி நேரம் அவர் சொல்லக் கேட்கிறார்கள். விளக்கு நகர்ந்துபோனதைத் தானே காணாதவன் அதை எப்படி எடுத்துச் சொல்வான்? ஆகையால் கோச்சை அமர்த்துகிறவர், “எமது கமிட்டிக் கூட்டத்தில் ஒருமுறை வந்து உட்கார்ந்து பார்ப்பீரா?” என்று முதலிலேயே கேட்பது நலம். அதற்கு இசையாதவரிடம் கிடைப்பது, நிதானமாக யோசிக்க ஒரு மணி நேரமும் சில நல்ல கேள்விகளுமே. அதுவும் அற்பமன்று, அதற்குத் தக்க விலையைக் கொடுக்கலாம்.

பயனுக்கு அத்தாட்சி உண்டா? பள்ளி ஆசிரியர்கள் விஷயத்தில் உண்டு. வகுப்பறைக்குள் வந்து பார்த்து யோசனை சொல்லும் கோச்சிங்கைப் பற்றிய 60 ஆய்வுகளைத் திரட்டி 2018-ல் அமெரிக்கப் பண்டிதர் மூவர் ஆராய்ந்தார்கள். போதிக்கும் முறை திருந்தியிருந்தது. பிள்ளைகளின் படிப்பும், அதைவிடக் குறைந்த அளவில், உயர்ந்திருந்தது. ஆனால் ஏற்பாடு பெரிதாகப் பெரிதாகப் பயன் சுருங்கிற்று. ஆயிரம் பேருக்கு ஒரே அச்சில் வார்த்த கோச்சிங்கை வாங்கும் கம்பெனி முதலாளிகள் இதைச் சிந்திப்பார்களாக.

இனி, கோச் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை யாருக்குண்டு என்றால், எல்லோருக்கும் உண்டு! வக்கீலாக வேண்டுமானால் 1961-ஆம் வருஷத்து வக்கீல்கள் சட்டப்படி பதிவு பெறவேண்டும். டாக்டருக்கும் அப்படியே. கோச்சுக்கு நமது நாட்டில் சட்டமுமில்லை, பதிவுமில்லை. 1995-ல் அமெரிக்காவில் தோன்றிய சர்வதேசக் கோச் சம்மேளனம் நற்சாட்சிப் பத்திரங்கள் வழங்குகிறது. அதன் முதற்படிக்கு 60 மணி நேரப் படிப்பும் 100 மணி நேர அனுபவமும், மேற்படிக்கு 200 மணி நேரப் படிப்பும் 2,500 மணி நேர அனுபவமும் விதிக்கப்பட்டிருக்கின்றன. இது ஒரு தனிச் சங்கத்தின் பத்திரமேயன்றிச் சர்க்காரின் அனுமதியன்று. ஆயினும் 100-க்கும் 2,500-க்கும் உள்ள தூரத்தை நினைத்து, எந்தப் படியென்று விசாரித்தறியவேண்டும்.

தொழில் விருத்திக்காகப் போனவன் மனநோயை அங்கே அவிழ்ப்பதும் கூடாது. தூக்கம் நாட்கணக்கில் ஒழிந்தவனும், உயிரை வெறுத்தவனும் போகவேண்டிய இடம் மனநோய் வைத்தியரிடம். யோக்கியமான கோச் இதைத் தாமே சொல்லி அனுப்பிவிடுவார்.

பணம் பெருகும் என்று வாக்களிக்கிறவரிடம் நெருங்கவே வேண்டாம். 2018-ல் அமெரிக்காவின் மத்திய வர்த்தகக் கமிஷன், இன்டர்நெட் வியாபாரத்தில் பெருலாபம் காணக் கற்பிப்பதாகச் சொல்லிய கம்பெனிகள்மீது வழக்குத் தொடுத்தது. ஆரம்பக் கட்டணம் சொற்பமாயிருக்கும். உள்ளே புகுந்தவனுக்கு “கோச்” என்ற பெயரில் ஒருவர் வந்து, அடுத்த படிக்கு ஆயிரக்கணக்கான டாலர் கட்டும்படி தூண்டுவார். ஆஸ்டீனுக்கும் அவருக்கும் பெயரன்றி வேறு சம்பந்தமில்லை.

இவையெல்லாவற்றிலும் முக்கியமான கேள்வியொன்றுண்டு. கோச் யாருடைய மனிதர்? முதலாளி பணம் கொடுக்கிறார். உத்தியோகஸ்தர் மனத்தைத் திறக்கிறார். கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்னதை அவர் சம்மதமின்றி வெளியிடலாகாது என்று முன்பு 1872-ஆம் வருஷத்து சாட்சியச் சட்டத்தின் 126-வது பிரிவு விதித்தது. 2024 ஜூலை முதல் அமலிலுள்ள புதிய சட்டத்தின் 132-வது பிரிவும் அதையே விதிக்கிறது. கோச்சிடம் சொன்னதற்கு அந்தக் காப்பு கிடையாது. “மேனேஜர்மீது எனக்கு நம்பிக்கையில்லை, வேறு வேலை தேடுகிறேன்” என்று நம்பிச் சொன்னது, அடுத்த மாதம் சம்பள உயர்வைத் தீர்மானிக்கும் மேஜைக்குப் போகாதென்று எதைக் கொண்டு நம்புவது?

மற்றொன்றும் உண்டு. பன்னிரண்டு மணி நேரம் உழைத்துச் சோர்ந்தவனுக்குக் காலத்தை நிர்வகிக்கக் கற்பிப்பதும், நியாயமான சம்பளம் கேட்பவனுக்கு மனோபாவத்தை மாற்றிக்கொள்ளச் சொல்வதும் அபிவிருத்தியாகா. ஆள் பற்றாக்குறை, குறைந்த கூலி, நியாயமற்ற மேலதிகாரி ஆகிய மூன்றும் தொழிலாளர் கூடிப் பேசித் தீர்க்கவேண்டிய விவகாரங்கள். அவற்றைத் தனி மனிதனுடைய குணதோஷமாக்கி, மூடிய அறைக்குள் அவனைக் கொண்டே அவனைத் திருத்தப் பார்ப்பது முதலாளிக்கு மலிவான உபாயம். கோச் நல்லவராயிருந்தாலும் இந்த உபாயத்துக்குக் கருவியாகிவிடக் கூடும். முதல் நாளிலேயே, “குறை என்னிடமல்ல, ஏற்பாட்டில் இருக்கிறதென்று தெரிந்தால் அதைக் கம்பெனிக்குச் சொல்வீரா?” என்று கேட்டுவிடவேண்டும்.

கம்பெனி அனுப்பினால், மூவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஒன்று கேட்டுப் பெறுக. எத்தனை சந்திப்பு, எவ்வளவு காலம், நடுவில் நிறுத்தினால் பாக்கிப் பணம் யாருக்கு என்பவை அதில் இருக்கவேண்டும். கம்பெனிக்குப் போகும் அறிக்கையில் சந்திப்பு நடந்த தேதியும், முன்கூட்டி மூவரும் ஒப்பிய குறிக்கோளும் தவிர வேறொன்றும் எழுதலாகாது என்ற ஷரத்தும் இருக்கவேண்டும். சொந்தப் பணம் கட்டுகிறவர் ரசீதையும் விளம்பரத்தின் பிரதியையும் பத்திரப்படுத்துக. வாக்களித்த சேவை நடக்காவிடில் 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஜில்லாக் கமிஷனில் மனுச் செய்ய அவை வேண்டியிருக்கும்.