நுண்ணலை அடுப்பும் கமக்காரர் இல்லத்துச் சமையலும்

விளைந்த பொருளைச் சேதமின்றி வீட்டிற்குக் கொண்டு வருவதுடன் கமக்காரரின் கடமை முடிவதில்லை. அப்பொருள் சத்துக் குன்றாமலும் கெடாமலும் குடும்பத்தினரின் கலத்திற் சேரும்பொழுதுதான் உழைப்பின் முழுப்பயன் கிட்டுகின்றது. விறகடுப்பு, மண்ணெண்ணெய் அடுப்பு, வாயு அடுப்பு ஆகியவற்றோடு, மின்சார வசதியுள்ள கிராமத்து இல்லங்கள் பலவற்றில் இப்பொழுது நுண்ணலை அடுப்பும் இடம் பெற்றுள்ளது. வெளிநாட்டில் உழைப்போர் அனுப்பியதாகவோ, தவணை முறையில் வாங்கியதாகவோ வந்து சேரும் இவ்வடுப்பு, பல வீடுகளில் தேநீருக்குப் பால் சூடாக்குவதற்கு மாத்திரமே பயன்படுகின்றது. வேறு சில வீடுகளில் முறையறியாது உபயோகிக்கப்பட்டு ஆபத்தை விளைவிக்கின்றது. அதன் இயல்பை அறிந்து கையாளுவோர்க்கு அது நேரத்தையும் எரிபொருளையும் மிச்சப்படுத்தும் நல்ல துணையாகும்.

அடுப்பின் தோற்றம்

இரண்டாம் உலகப் போரின்போது விமானங்களைக் கண்டறியும் றேடார்க் கருவிகளுக்காக நுண்ணலைகளை உண்டாக்கும் மக்னெற்றன் என்னும் குழாய்கள் பெருமளவிற் செய்யப்பட்டன. அமெரிக்காவில் இத்தொழிலில் ஈடுபட்டிருந்த பேர்சி ஸ்பென்சர் என்னும் பொறியியலாளர், அவ்வலைகள் உணவைச் சூடாக்குவதை 1945ஆம் ஆண்டிற் கண்டறிந்தார். 1947இல் விற்பனைக்கு வந்த முதல் அடுப்பு ஏறக்குறைய ஆறடி உயரமும் 340 கிலோகிராம் நிறையும் உடையதாயிருந்தது. வீட்டுச் சமையலறையின் மேசைமேல் வைக்கத்தக்க சிறிய அடுப்பு 1967இல் வெளிவந்து பின்னர் உலகெங்கும் பரவியது.

சூடு உண்டாகும் விதம்

விறகடுப்பில் நெருப்பானது சட்டியைச் சூடாக்க, சட்டி உணவைச் சூடாக்குகின்றது. நுண்ணலை அடுப்பிலோ அலைகள் உணவினுள்ளே நேராகப் புகுகின்றன. இவ்வலைகள் செக்கனுக்கு 245 கோடி முறை அதிர்ந்து திசை மாறி மீளும் இயல்பின. உணவிலுள்ள நீரின் நுண்கூறுகள் அம்மாற்றத்துக்கேற்பத் திரும்ப முயன்று ஒன்றோடொன்று உராய்வதனால் வெப்பம் பிறக்கின்றது. ஆகவே நீர் மிகுந்த பூசினி, போஞ்சி, கீரை முதலியன விரைவில் வேகின்றன.

அலைகள் உணவினுள் இரண்டு முதல் நான்கு சதம மீற்றர் ஆழம் வரையே நன்கு செல்லும். அதற்கு அப்பால் உள்ள நடுப்பாகம், புறத்திலிருந்து மெல்லப் பரவும் வெப்பத்தினாலேயே வேக வேண்டும். மேலும், அடுப்பினுள் அலைகள் எல்லா இடத்திலும் ஒரே அளவில் விழுவதில்லை. எனவே ஒரே கோப்பையிலுள்ள உணவில் ஓரிடம் கொதிக்க, மற்றோர் இடம் குளிர்ந்திருத்தல் கூடும். இவ்வடுப்பைப் பற்றிய அறிவுரைகளிற் பெரும்பாலானவை இந்த ஓர் உண்மையை அடிப்படையாகக் கொண்டவையே.

நுண்ணலையில் வெந்த உணவில் அலைகள் தங்கி நஞ்சாகும் என்று சிலர் அஞ்சுவர். அவ்வச்சம் ஆதாரமற்றது. விளக்கை அணைத்ததும் ஒளி நீங்குவதுபோல், கதவைத் திறந்ததும் அலைகள் நின்றுவிடுகின்றன. உணவில் எஞ்சுவது வெப்பம் மாத்திரமே.

வலுவை அறிதல்

வீட்டு அடுப்புக்கள் பொதுவாக 700 முதல் 1,000 உவாற்று வரையான சமையல் வலு உடையன. இவ்வளவு அடுப்பின் பின்புறத்திலோ கதவின் உட்புறத்திலோ குறிக்கப்பட்டிருக்கும். குறிப்பு அழிந்திருப்பின் எளிய சோதனையொன்றைச் செய்யலாம். பனிக்கட்டி கலந்து நன்கு குளிரச் செய்த நீரிற் கட்டிகளை நீக்கிவிட்டு, ஒரு கோப்பை நீரை முழுவலுவில் வைத்து, கதவின் கண்ணாடியூடாகக் கவனித்தல் வேண்டும். இரண்டு நிமிடத்திற் கொதித்தால் அடுப்பு வலு மிக்கது. மூன்று நிமிடமாயின் ஏறக்குறைய 700 உவாற்று. நான்கு நிமிடத்துக்கு மேற் சென்றால் வலுக் குறைந்தது. கீழே கூறப்படும் நேரங்கள் 800 உவாற்று அடுப்புக்குரியன. வலுக் குறைந்த அடுப்பிற்கு நேரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். மின்னழுத்தம் குறைந்திருக்கும் மாலை வேளைகளிலும் சமையல் தாமதிக்கும்.

சமையல் வலு 800 உவாற்று ஆயினும், அடுப்பு இழுக்கும் மின்சாரம் 1,200 உவாற்று அளவினதாகும். ஐந்து நிமிடம் இயங்கினால் ஓர் அலகில் பத்தில் ஒரு பங்கு செலவாகும். நாள்தோறும் அரைமணி நேரம் உபயோகித்தால் முப்பது நாளில் 18 அலகு ஆகும். இருவருக்கோ மூவருக்கோ உரிய உணவைச் சமைப்பதற்கு இது சிக்கனமானது. அறுவடைக் காலத்திற் கூலியாட்கள் பதின்மருக்குச் சோறாக்குவதற்கு அது ஏற்றதன்று. அப்பணி பெரிய அடுப்புக்கே உரியது.

ஏற்ற பாத்திரங்கள்

கண்ணாடி, பீங்கான், நுண்ணலைக்கு உகந்தது எனக் குறிக்கப்பட்ட பிளாத்திக்கு ஆகியவற்றாலான பாத்திரங்களே ஏற்றவை. எவர்சில்வர், அலுமினியம், பித்தளைப் பாத்திரங்களும், பொன் வெள்ளிக் கோடிட்ட பீங்கானும் ஆகா. உலோகம் அலைகளைத் திருப்பிவிடுவதோடு தீப்பொறியையும் எழுப்பும். ஐஸ்கிறீம், மாஜரின், தயிர் முதலியன வந்த மெல்லிய பிளாத்திக்குக் கிண்ணங்கள் உருகக்கூடியவை. கடையில் வாங்கிய சோற்றுப் பொதியைப் பொலித்தீன் தாளுடனோ செய்தித்தாளுடனோ உள்ளே வைத்தல் கூடாது. முன்னையது உருகும், பின்னையது தீப்பற்றும். மேற்பூச்சற்ற மட்பாண்டம் நீரை உறிஞ்சியிருப்பின் தானே சூடேறி வெடித்தல் கூடும்.

பாத்திரம் ஏற்றதோ என்ற ஐயம் எழும்போது, உலோகமற்ற அவ்வெறும் பாத்திரத்தையும், அதனருகே ஒரு கோப்பை நீரையும் வைத்து ஒரு நிமிடம் இயக்கிப் பார்க்கலாம். நீர் சூடாகிப் பாத்திரம் குளிர்ந்திருந்தால் அது ஏற்றது. பாத்திரம் சூடாகியிருந்தால் அதை விலக்க வேண்டும்.

மரக்கறிகளைச் சமைத்தல்

தோட்டத்து மரக்கறிகளுக்கே இவ்வடுப்பு மிகப் பொருத்தமானது. மரக்கறியை மிகுந்த நீரில் நெடுநேரம் அவித்து அந்நீரை வடித்து ஊற்றினால், நீரிற் கரையும் உயிர்ச்சத்து சீ பெரும்பகுதி வீணாகின்றது. நுண்ணலை அடுப்பிற் சிறிதளவு நீரும் சிறிது நேரமும் போதுமாதலால் அச்சத்து அதிகம் எஞ்சுகின்றது. நிறமும் கெடுவதில்லை.

பொதுவிதிகள் நான்கு:

1. துண்டுகளை ஒரே அளவினவாக வெட்ட வேண்டும். சிறுதுண்டு குழைந்துபோக, பெருந்துண்டு வேகாதிருக்கும்.

2. துண்டுகளை நடுவிற் குவிக்காது வட்டமாகப் பரப்ப வேண்டும். தடித்த பகுதி வெளிப்புறமாக இருத்தல் நன்று.

3. மூடியை முற்றாக இறுக்காது, ஆவி வெளியேறச் சிறு வழிவிட்டு மூட வேண்டும்.

4. பாதி நேரத்திற் கிளறிவிட வேண்டும். முடிந்தபின் இரண்டு மூன்று நிமிடம் மூடியபடி விட வேண்டும். அவ்வேளையிலும் வெப்பம் நடுப்பாகத்துக்குப் பரவி வேகச்செய்யும். இத்தரிப்பு நேரம் சமையலின் ஒரு பகுதியே. அதனை விட்டுவிடுதல் தகாது.

கால் கிலோ போஞ்சி அல்லது கரட்டுக்கு மூன்று மேசைக்கரண்டி நீர் சேர்த்து ஐந்து முதல் ஏழு நிமிடம் வைக்கலாம். கழுவிய கீரைக்கு இலைகளில் ஒட்டியுள்ள நீரே போதும். இரண்டு மூன்று நிமிடத்தில் வதங்கிவிடும். நடுத்தர உருளைக்கிழங்கு ஒன்று தோலுடன் நான்கு முதல் ஆறு நிமிடத்தில் வேகும். சம்பலுக்கு உரிய கத்தரிக்காயை நெருப்பிற் சுடுவதற்குப் பதிலாக ஐந்தாறு நிமிடம் வைத்துத் தோலை உரித்துக்கொள்ளலாம். புகை மணம் மாத்திரம் இராது. கிழங்கையும் கத்தரிக்காயையும் வைக்குமுன் முள்ளுக்கரண்டியினால் பல இடங்களிற் குத்துதல் இன்றியமையாதது. இல்லையேல் உள்ளே திரளும் ஆவி தோலைக் கிழித்து வெடிக்கும். அப்பளத்தை எண்ணெயின்றி ஒரு நிமிடத்துக்குள் பொரித்தெடுக்கலாம்.

தேங்காய்ப்பால் சேர்த்த கறியைப் பாதி வலுவிற் சூடாக்கினால் பால் திரையாது. கடுகு தாளித்தல், எண்ணெயிற் பொரித்தல் ஆகியவற்றை இவ்வடுப்பிற் செய்யலாகாது. எண்ணெயின் வெப்பத்தைக் கட்டுப்படுத்த இதில் வழியில்லை.

மரவள்ளிக்கிழங்கு இவ்வடுப்புக்கு உரியதன்று. அதிலுள்ள நஞ்சு நீங்குவதற்குத் தோலை உரித்துத் துண்டாக்கி, நிறைந்த நீரில் மூடாது நன்கு அவித்து, அந்நீரை வடித்தல் வேண்டும். சிறிது நீரில் மூடி வேகவைக்கும் நுண்ணலை முறை இதற்குப் போதாது.

எஞ்சிய சோறு

நெல் விளைவிக்கும் குடும்பங்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது எஞ்சிய சோற்றைப் பற்றியே. பசிலசு சீரியசு என்னும் பற்றீரியா மண்ணில் வாழ்வது; அதன் வித்திகள் நெல்மணியோடு அரிசிக்கும் வந்து சேர்கின்றன. சோறு கொதிக்கும் வெப்பத்திலும் வித்திகள் முற்றாக அழிவதில்லை. காலையில் ஆக்கிய சோறு பானையில் இளஞ்சூடாகக் கிடக்கும்பொழுது அவை முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கின்றன. அந்நஞ்சு வாந்தியை உண்டாக்கும். மீளச் சூடாக்குவதனால் அது அழியாது. வயல் வேலை மிகுந்த நாட்களிற் காலைச் சோற்றை இரவு வரை வெளியே வைத்து, நுண்ணலை அடுப்பிற் சூடாக்கினால் நன்மையாகிவிடும் என நம்புவது தவறு. கெட்ட சோற்றை எந்த அடுப்பும் நல்ல சோறாக்குவதில்லை.

ஆகவே, பின்னர் உண்பதற்கென எடுத்த சோற்றை அகன்ற தட்டிற் பரப்பி விரைவில் ஆறவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள், தவறின் இரண்டு மணிக்குள்ளாவது, குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். மறுநாளைக்குள் அதனை உண்டுவிட வேண்டும். சூடாக்கும்பொழுது ஒரு கோப்பைச் சோற்றுக்கு ஒரு மேசைக்கரண்டி நீர் தெளித்து, மூடி, ஒன்றரை முதல் இரண்டு நிமிடம் வைத்து, இடையிற் கிளற வேண்டும். எல்லாப் பகுதியிலும் ஆவி பறக்க வேண்டும். நடுப்பாகம் 74 பாகை செல்சியசை அடைதல் அவசியம். ஒருமுறை சூடாக்கியதை மீண்டும் எடுத்து வைத்தல் கூடாது. மீன், இறைச்சிக் கறிகளுக்கும் இந்த வெப்ப அளவே பொருந்தும். உறைந்த மீனைக் குறைந்த வலுவில் இளக்கியவுடன் தாமதியாது சமைத்துவிட வேண்டும்.

விலக்க வேண்டியவை

முட்டையை ஓட்டுடன் வைத்தால் அது வெடிக்கும். வெளியே எடுத்தபின் கையிலேயே வெடிப்பதும் உண்டு. அவித்த முட்டையை முழுதாகச் சூடாக்குவதும் அவ்வாறே ஆபத்தானது. வழுவழுப்பான கோப்பையில் வெறும் நீரை நெடுநேரம் வைத்தால், அது குமிழி எழுப்பாமலே கொதிநிலையைத் தாண்டிச் சூடாகும்; தேயிலையோ சீனியோ இட்ட கணத்திற் பொங்கி முகத்திற் பாயும். நீரை அளவுக்கு மிஞ்சிச் சூடாக்காமையும், வைக்குமுன் மரக்கரண்டி ஒன்றை அதில் இடுதலும், முடிந்தபின் சற்றுத் தரித்து எடுத்தலும் இதற்குக் காப்பாகும். குழந்தையின் பாற்போத்தலை இவ்வடுப்பிற் சூடாக்குதல் கூடாது. போத்தல் கைக்கு இளஞ்சூடாக இருக்கும்போதே உள்ளிருக்கும் பால் வாயைப் புண்ணாக்குமளவு கொதித்திருக்கலாம். வெந்நீரில் போத்தலை நிறுத்திச் சூடாக்கும் பழைய முறையே சிறந்தது. செத்தல் மிளகாயை இதில் வறுத்தல் ஆகாது. அது கருகிக் கண்ணையும் தொண்டையையும் எரிக்கும்.

விதைநெல்லையோ மரக்கறி விதைகளையோ இவ்வடுப்பிற் காயவைக்க எவரும் முயலலாகாது. விதைநெல்லை உலர்த்தும் வெப்பம் 43 பாகை செல்சியசுக்கு மேற்படலாகாது. நுண்ணலையோ விதையின் உள்ளீரத்தையே சூடாக்கி முளையைக் கொன்றுவிடும். மணி பார்வைக்குப் பழுதின்றித் தோன்றினும் நாற்றுமேடையில் முளைக்காது. ஒரு போகமே தவறிவிடும்.

பாதுகாப்பும் பராமரிப்பும்

அடுப்பைச் சுவரோடு ஒட்டாது, காற்றுத் துளைகள் மூடப்படாவண்ணம் வைக்க வேண்டும். புவித்தொடுப்புள்ள தனி மின்குதையிலிருந்தே மின்சாரம் எடுக்க வேண்டும். மெல்லிய நீடிப்பு வடம் சூடேறித் தீப்பற்றக்கூடும். உள்ளே உணவின்றி இயக்குதல் கூடாது. உணவுத் துணிக்கைகளை நாள்தோறும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். கதவு வளைந்தோ, பூட்டுத் தளர்ந்தோ, கண்ணாடிக்குப் பின்னுள்ள உலோக வலை கிழிந்தோ இருப்பின், திருத்தும்வரை உபயோகிக்கலாகாது. சித்திரை மாதத்திலும் ஐப்பசி கார்த்திகையிலும் பிற்பகலில் இடி மின்னல் மிகும். முகில் கறுக்கும்பொழுதே செருகியைக் கழற்றிவிடுதல் நன்று.

உள்ளே தீ எழுந்தால் கதவைத் திறக்காது, ஆளியை நிறுத்திச் செருகியைக் கழற்ற வேண்டும். காற்றின்றித் தீ தானே அணையும். அடுப்பின் மேலுறையை வீட்டில் எவரும் திறக்கலாகாது. அதனுள்ளிருக்கும் கொள்ளளவி என்னும் உறுப்பு, செருகியைக் கழற்றிய பின்னரும் ஆயிரக்கணக்கான உவோற்று மின்னழுத்தத்தைத் தாங்கியிருக்கும். நீரிறைக்கும் மோட்டரைத் தாமே திருத்திப் பழகிய கமக்காரரும் இதனைத் தொடாது, பயிற்சி பெற்றவரிடமே ஒப்படைக்க வேண்டும்.

ஒரே அளவாக வெட்டுதல், மூடுதல், கிளறுதல், தரித்தல், ஆவி பறக்கச் சூடாக்குதல் ஆகிய ஐந்தையும் வழக்கமாக்கிக் கொள்ளும் இல்லத்தில் நுண்ணலை அடுப்புப் பயனுடன் நெடுங்காலம் உழைக்கும். தோட்டத்தில் அன்று பறித்த மரக்கறி, அதன் சத்தும் நிறமும் குன்றாது, வயலிலிருந்து களைத்து வருவோரின் கலத்திற் சில நிமிடங்களிற் சேரும்.