நான்கு புள்ளி விதியும் பாராளுமன்ற எதிர்ப்பும்

ஒருவருக்குத் தம் தலைமுடியையோ, இடுப்புக்குக் கீழுள்ள உடலையோ கழுவிக்கொள்ளப் பிறர் துணை வேண்டியிருக்கிறது. மற்றொருவருக்குத் தோளுக்கும் இடுப்புக்கும் இடைப்பட்ட பகுதியைக் கழுவிக்கொள்ளத் துணை வேண்டியிருக்கிறது. இவ்விருவருள் எவருடைய இடர் பெரிது? நம்மில் யாரைக் கேட்டாலும் இக்கேள்விக்கு விடை கூறத் தயங்குவோம். ஆனால் பிரிட்டிஷ் அரசாங்கத்தின் விதிகளில் இதற்குத் திட்டவட்டமான விடை உண்டு. முன்னவருக்கு 2 புள்ளி; பின்னவருக்கு 4 புள்ளி. இந்த 2க்கும் 4க்கும் உள்ள வேற்றுமையை முன்னிட்டு 2025ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பாராளுமன்றத்தில் ஒரு பெரும் பூசல் மூண்டது. அறுதிப் பெரும்பான்மை படைத்த ஓர் அரசாங்கம், தன் மசோதாவின் முக்கியப் பகுதியைத் தன் கையாலேயே நீக்கிவிட நேர்ந்தது. அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதை நேயர்களுக்கு விளக்க முற்படுகிறோம்.

முதலில் அந்த உதவித்தொகையின் தன்மையை அறிந்துகொள்வோம். உடற்குறையோ நெடுநாள் நோயோ உடையவர்களுக்குப் பிறரினும் கூடுதலாகச் செலவாகிறது. மின்சார நாற்காலிக்கு மின்சாரம் வேண்டும். பேருந்தில் ஏற இயலாதவருக்கு வாடகைக் கார் வேண்டும். குளிர் தாங்காத உடலுக்கு வீட்டைச் சூடாக வைத்திருக்க வேண்டும். இக்கூடுதல் செலவை ஓரளவு ஈடு செய்வதற்கென 2013ஆம் ஆண்டில் ஏற்படுத்தப்பட்டதே ‘பிப்’ என்று சுருக்கமாக வழங்கும் தனிநபர் சுயசார்பு உதவித்தொகை. அதற்கு முன் 1992 முதல் வேறொரு படி நடைமுறையில் இருந்தது. இது வேலையற்றோருக்கு அளிக்கும் தொகையன்று என்பதை நேயர்கள் கருத்திற் கொள்ளவேண்டும். வேலைக்குச் செல்பவரும் இதைப் பெறலாம். வருமான வரம்பும் இல்லை. சொல்லப்போனால், இத்தொகையின் துணையாலேயே வேலைக்குப் போய்வருவோர் பலர்.

அன்றாட வாழ்க்கை, நடமாட்டம் என இதற்கு இரண்டு பகுதிகள் உண்டு. பூசலுக்கு உள்ளானது முதற்பகுதி. சமைத்தல், உண்ணுதல், மருந்து உட்கொள்ளுதல், நீராடுதல், கழிப்பறை செல்லுதல், உடுத்துதல், பேசுதல், படித்தல், பிறருடன் பழகுதல், பணத்தைக் கணக்கிட்டுச் செலவிடுதல் ஆகிய 10 செயல்களையும் ஒருவர் எவ்வாறு செய்கிறார் என்று மதிப்பீட்டாளர் வினவுவார். ஒவ்வொன்றுக்கும் புள்ளி இடப்படும். மொத்தம் 8 புள்ளி பெற்றவருக்குச் சாதாரண விகிதம். 12 பெற்றவருக்கு உயர்ந்த விகிதம். 2025 ஏப்ரலில் தொடங்கிய ஆண்டில் இவை முறையே வாரத்திற்கு 73 பவுன் 90 பென்சும், 110 பவுன் 40 பென்சுமாக இருந்தன.

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறைபாடு 40 விழுக்காட்டுக்குக் குறையாதது என்று மருத்துவச் சான்றிதழ் பெறுகிறோம். இங்கே அளக்கப்படுவது உடலின் குறை. அங்கே அளக்கப்படுவது அக்குறையோடு ஒருவர் நாளைக் கழிக்கும் விதம். பின்னதே அறிவுக்கு உகந்த முறை என்று நமக்குத் தோன்றுகிறது. எனினும் எம்முறையானாலும் முடிவில் ஓர் எண்ணில் வந்து நிற்கிறது. அந்த எண்ணைச் சற்று நகர்த்தினால் இலட்சக்கணக்கானோரின் வாழ்வும் நகர்ந்துவிடுகிறது.

2025 மார்ச் 18ஆம் தேதி தொழிற்கட்சி அரசாங்கத்தின் அமைச்சர் லிஸ் கெண்டல் அவ்வாறு நகர்த்தும் திட்டமொன்றைக் காமன்ஸ் சபையில் வெளியிட்டார். 2026 நவம்பர் முதல் மொத்தம் 8 புள்ளி பெற்றால் மட்டும் போதாது; ஏதேனும் ஒரு செயலிலாவது 4 புள்ளி பெற்றிருக்க வேண்டும் என்பதே அத்திட்டத்தின் முக்கிய விதி.

கேட்பதற்குச் சிறிய திருத்தம். ஆயின் அதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மூட்டு வாதத்தால் கைவிரல்கள் மடங்கிப்போன ஒரு மூதாட்டியைக் கற்பனை செய்துகொள்வோம். தனிக் கருவியின்றி அவரால் சமைக்க இயலாது: 2 புள்ளி. உண்ணக் கருவி வேண்டும்: 2. நீராட ஒரு பிடிகம்பி வேண்டும்: 2. கழிப்பறையில் ஒன்று வேண்டும்: 2. உடுத்தக் கருவி வேண்டும்: 2. காது மந்தமாகையால் கேட்கும் கருவி வேண்டும்: 2. ஆக மொத்தம் 12. பழைய விதிப்படி இவருக்கு உயர்ந்த விகிதம் உரியது. புதிய விதிப்படி ஒரு பென்சும் இல்லை. ஏனெனில் எந்தச் செயலிலும் அவர் 4 பெறவில்லை. மேலாடை அணிவதற்கு ஒருவர் துணையும், சமைப்பதற்கு ஒருவர் துணையும் மட்டுமே தேவைப்படும் மற்றொருவருக்கோ 4ம் 4ம் சேர்ந்து 8. அவருக்குத் தொகை நிலைக்கும். பன்னிரண்டு பெற்றவர் வெறுங்கையுடன் திரும்ப, எட்டுப் பெற்றவர் தொகை பெறும் இக்கணக்கை எளியோருக்கு எவரால் விளக்கிக் காட்ட இயலும்?

அரசாங்கத்தின் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. இங்கிலாந்திலும் வேல்சிலும் இத்தொகை பெறுவோர் 37 இலட்சம் பேர் என்ற அளவிற்கு உயர்ந்துவிட்டனர். நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,000 பேர் புதிதாகச் சேருவதாக அமைச்சர் கூறினார். மனநலக் குறைவால் விண்ணப்பிக்கும் இளைஞர்கள் பெருகினர். இந்நிலை நீடித்தால், உண்மையில் தேவையுள்ளோருக்கும் தொகை கிட்டாமற் போகுமென்பது அவரது வாதம். இவ்வாதத்தை எள்ளி நகையாடுதல் தகாது. ஆயினும் வேலைக்குச் செல்பவருக்கும் உரிய தொகையைக் குறைப்பதால் மக்கள் எங்ஙனம் வேலைக்குச் செல்வார்கள் என்ற வினாவுக்கு நேரான மறுமொழி கிடைக்கவேயில்லை. 2029-30ஆம் நிதியாண்டில் ஏறக்குறைய 480 கோடி பவுன் மிச்சமாகும் என்ற கணக்கே திட்டத்தின் மூல காரணம் என்று எதிர்த்தோர் கருதினர்.

திட்டத்தை எதிர்த்தவர்களுக்குத் துணை நின்றவை அரசாங்கமே வெளியிட்ட எண்கள் என்பது கவனிக்கத்தக்கது. மார்ச் 26ஆம் தேதி வெளிவந்த மதிப்பீட்டின்படி, 2029-30க்குள் அப்போது தொகை பெற்றுவந்த 3,70,000 பேர் அதனை இழப்பர். பிற்காலத்தில் பெறக்கூடிய 4,30,000 பேருக்கு அது கிட்டாது. ஒவ்வொருவருக்கும் சராசரி இழப்பு ஆண்டுக்கு 4,500 பவுன். உதவித்தொகை மாற்றங்கள் அனைத்தையும் சேர்த்து நோக்கினால், 50,000 குழந்தைகள் உட்பட 2,50,000 பேர் வறுமையில் வீழ்வர். இழப்பு அத்துடன் நிற்பதில்லை. நோயாளியைப் பேணும் மனைவிக்கோ மகனுக்கோ அளிக்கப்படும் பராமரிப்போர் படி, நோயாளி இத்தொகையைப் பெறுவதைப் பொறுத்தது. முன்னது போனால் பின்னதும் போகும். ஒரே வீட்டில் இரண்டு வருவாய்கள் ஒரே நாளில் நின்றுபோகும் நிலையை நேயர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும்.

இன்னொரு குறையும் இருந்தது. திட்டத்தைப் பற்றி ஜூன் 30ஆம் தேதி வரை மக்கள் கருத்துக் கூறலாம் என்று அரசாங்கம் அறிவித்திருந்தது. ஆனால் கருத்துக் கேட்கப்பட்ட பொருள்களில் நான்கு புள்ளி விதி இடம்பெறவில்லை! மசோதாவோ ஜூன் 18ஆம் தேதியே சபைக்கு வந்துவிட்டது. அதன் இரண்டாம் வாசிப்பு ஜூலை 1ஆம் தேதிக்குக் குறிக்கப்பட்டது. கருத்துக் கேட்பு முடிந்த மறுநாள் வாக்கெடுப்பு என்றால், அக்கருத்துகளை யார் எப்போது படித்தனர் என்று மாற்றுத்திறனாளிகள் வினவியதில் வியப்பில்லை.

இத்தகைய போராட்டம் பிரிட்டனுக்குப் புதிதன்று. 1999இல் இதே தொழிற்கட்சி ஆண்டபோது, உழைக்க இயலாதோருக்கான தொகையைக் குறைக்க முனைந்ததை அக்கட்சியின் உறுப்பினர் 60 பேருக்கு மேல் எதிர்த்து வாக்களித்தனர். பிரபுக்கள் சபையில் அவ்வெதிர்ப்பை முன்னின்று நடத்தியவர், முற்றிலும் செவிப்புலன் இழந்த ஜாக் ஆஷ்லி பிரபு. 2016 மார்ச் 16ஆம் தேதி கன்சர்வேட்டிவ் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்பர்ன் தம் வரவு-செலவுத் திட்டத்தில், உடுத்துவதற்கும் கழிப்பறைக்கும் கருவி தேவைப்படுவோரின் 2 புள்ளியை ஒன்றாகக் குறைக்கும் யோசனைக்கு இடமளித்தார். இரண்டே நாளில் அத்துறை அமைச்சரான அயன் டங்கன் ஸ்மித் பதவியைத் துறந்தார். உயர்ந்த வருவாயுடையோருக்கு வரிச் சலுகை அளிக்கும் அதே திட்டத்தில் இதையும் சேர்ப்பதைத் தம்மால் ஏற்க இயலாதென்பது அவர் கூறிய காரணம். மார்ச் 21ஆம் தேதி அந்த யோசனை கைவிடப்பட்டது. ஒன்பதாண்டுகளுக்குப் பின், வேறொரு கட்சி, அதே புள்ளிப் பட்டியலை மீண்டும் கையிலெடுத்தது.

2024 தேர்தலில் 650 இடங்களுள் 411ஐக் கைப்பற்றியிருந்த கட்சியின் மசோதாவை வெளியிலிருந்து எவரும் வீழ்த்த இயலாது. ஆகவே எதிர்ப்பு உள்ளிருந்தே எழவேண்டியிருந்தது. ஜூன் 19ஆம் தேதி, அரசாங்கக் கொறடாக்களுள் ஒருவரான விக்கி ஃபாக்ஸ்கிராஃப்ட் பதவி விலகினார். உறுப்பினர்களைக் கட்சிக் கட்டளைப்படி வாக்களிக்கச் செய்வது கொறடாவின் கடமை. அக்கடமையை இம்மசோதாவிற்காகச் செய்ய அவர் உள்ளம் இடந்தரவில்லை. சில நாட்களில் மெக் ஹில்லியர் அம்மையார் ஒரு திருத்தத்தை முன்வைத்தார். அது மசோதாவின் வாசகத்தைத் திருத்துவதன்று. ‘இன்ன காரணங்களால் இம்மசோதாவின் இரண்டாம் வாசிப்பை இச்சபை மறுக்கிறது’ என்று கூறும் காரணத் திருத்தம் அது. நிறைவேறினால் மசோதாவே மாண்டுவிடும். தொழிற்கட்சி உறுப்பினர் 120 பேருக்கு மேல் அதில் கையொப்பமிட்டனர்.

அரசாங்கம் அசைந்து கொடுத்தது. ஏற்கெனவே தொகை பெறுவோருக்குப் பழைய விதியே நிலைக்கும். புதிதாக விண்ணப்பிப்போருக்கு மட்டும் நான்கு புள்ளி விதி என்று ஜூன் மாத இறுதியில் சமரசம் கூறப்பட்டது. வறுமையில் வீழ்வோரின் எண்ணிக்கை 1,50,000 ஆகக் குறையும் என்று புதிய கணக்கும் வந்தது. ஹில்லியர் அம்மையார் இதனை ஏற்றார், பலர் ஏற்கவில்லை. ஒரே நோய், ஒரே துன்பம். 2026 அக்டோபரில் விண்ணப்பித்தவருக்கு ஒரு நீதி, டிசம்பரில் விண்ணப்பிப்பவருக்கு வேறொரு நீதியா என்று அவர்கள் கேட்டனர். ரேச்சல் மாஸ்கெல் அம்மையார் புதியதொரு காரணத் திருத்தத்தைக் கொணர்ந்தார்.

ஜூலை 1ஆம் தேதி விவாதம் பாராளுமன்ற வரலாற்றில் விந்தையானதோர் அத்தியாயம். பிறவியிலேயே உடற்குறையுடைய தொழிற்கட்சி உறுப்பினர் மேரி டிட்பால், தம் கட்சியின் மசோதாவை ஆதரிக்க இயலாத நிலையைச் சபையில் எடுத்துரைத்தார். வாக்கெடுப்புக்குச் சற்றேறக்குறைய ஒன்றரை மணி நேரமே இருக்கையில், அமைச்சர் சர் ஸ்டீபன் டிம்ஸ் விவாதத்தின் இடையே எழுந்து, நான்கு புள்ளி விதியைக் கொண்ட 5ஆம் பிரிவு நீக்கப்படும் என்று அறிவித்தார். தாம் தலைமை தாங்கும் மறுஆய்வு முடிந்த பின்னரே எம்மாற்றமும் செய்யப்படும் என்றும் கூறினார். எதன்மீது வாக்களிக்கப் போகிறோம் என்பதே உறுப்பினர் பலருக்கு விளங்காமற் போயிற்று. மாஸ்கெலின் திருத்தம் 328க்கு 149 என்ற கணக்கில் தோற்றது. மசோதாவின் இரண்டாம் வாசிப்பு 335க்கு 260 என்று நிறைவேறியது. பிரிவை நீக்குவதாக உறுதி கூறிய பின்னரும் தொழிற்கட்சியினர் 49 பேர் எதிர்த்தே வாக்களித்தனர். எதிர்த்த 260 பேரும் ஒரே எண்ணத்தினர் என்று கொள்ளலாகாது. கன்சர்வேட்டிவ் கட்சியினர், இக்குறைப்புப் போதாது என்னும் கருத்தினர். லிபரல் ஜனநாயகக் கட்சியினரோ குறைப்பே கூடாதென்றவர்கள். இரு எதிர்த் துருவங்கள் ஒரே வாயிலில் நுழைந்து வாக்களித்தன.

எதிர்த்தோருக்குக் கிடைத்தது பாதி வெற்றியே. தலைப்பிலிருந்தே ‘பிப்’ என்னும் பெயர் நீக்கப்பட்ட மசோதா ஜூலை 9ஆம் தேதி மூன்றாம் வாசிப்பைக் கடந்து, செப்டம்பர் 3ஆம் தேதி அரசரின் ஒப்புதல் பெற்றுச் சட்டமாயிற்று. இடையில், ஜூலை 16ஆம் தேதி மாஸ்கெல் உள்ளிட்ட நான்கு உறுப்பினர்கள் கட்சியின் பாராளுமன்றக் குழுவிலிருந்து விலக்கி வைக்கப்பட்டு, நவம்பரில் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். டிம்ஸ் மறுஆய்வில் மாற்றுத்திறனாளிகளும் பங்கு கொள்வர் என்று வாக்களிக்கப்பட்டது. அது அறிக்கை அளிப்பதற்கு 2026ஆம் ஆண்டின் இலையுதிர் காலம் குறிக்கப்பட்டது.

சட்டத்தில் தங்கிவிட்ட மற்றொரு குறைப்பு, நான்கு புள்ளி விதியின் ஆரவாரத்தில் பலர் கண்ணிற் படவில்லை. ‘யூனிவர்சல் கிரெடிட்’ எனும் பொது உதவித்தொகையின் அடிப்படைத் தொகை சிறிது உயர்த்தப்பட்டது. நோயினால் வேலை செய்ய இயலாதோருக்கு அதனுடன் சேர்த்து அளிக்கப்படும் தொகையோ, 2026 ஏப்ரல் முதல் இரண்டு விகிதமாயிற்று. முன்னரே பெற்று வந்தவருக்கு மாதம் ஏறத்தாழ 430 பவுன். அதன்பின் விண்ணப்பிப்பவருக்கு, கடுமையான தீராக் குறையுடையோரும் மரணத்தை எதிர்நோக்கியிருப்போரும் நீங்கலாக, ஏறத்தாழ 217 பவுன்.