வைட்டமின் ‘ஈ’ – இனிப்புநீருக்கு மாற்று மருந்தா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

“வைட்டமின் ‘ஈ’ மாத்திரை சாப்பிட்டால் இனிப்புநீர் குறையுமாமே? கிளினிக் மாத்திரையை நிறுத்திவிடலாமா?” என்று நம்மவர்கள் பலர் கேட்கிறார்கள். இன்று இதைப் பற்றிப் பேசுவோம்.

கேள்வி சாதாரணமானது அல்ல. 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோரில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருக்கிறது. இந்த நோய் அதிகமாகத் தாக்குவது இந்தியர்களைத்தான். இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை, டிரைகிளிசரைடு கொழுப்பு ஆகியவை ஏறியிருப்பதும், நல்ல கொழுப்பு குறைந்திருப்பதும் ஐந்து குறைகள். இவற்றில் மூன்று ஒருவரிடம் சேர்ந்தால் அதை வளர்சிதை மாற்றக் கோளாறு என்கிறோம். ஆசிய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. இடுப்பளவே எல்லை.

இதில் வைட்டமின் ‘ஈ’யின் வேலை என்ன? பினாங்கு துறைமுகத்தில் உப்புக்காற்று பட்ட இரும்பு துருப்பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். நம் உடலின் உயிரணுச் சுவர்களில் உள்ள கொழுப்பும் அப்படித்தான் பிராணவாயுவால் கெட்டுப்போகிறது. வைட்டமின் ‘ஈ’ வர்ணம் பூசியதுபோல் அதைத் தடுக்கிறது. உடலில் சேரும் மிதமிஞ்சிய மாவும் சர்க்கரையும் கல்லீரலில் கொழுப்பாகப் படிகின்றன. அந்தக் கொழுப்பு கெடும்போது கல்லீரல் வீங்குகிறது. அங்கே வைட்டமின் ‘ஈ’ உதவுமா என்பதே ஆய்வாளர்களின் கேள்வி.

இந்த ஆய்வில் நம் பினாங்குக்கும் பங்கு உண்டு. வைட்டமின் ‘ஈ’ என்பது எட்டுப் பொருள்களின் குடும்பம்: நான்கு டோக்கோஃபெரால், நான்கு டோக்கோடிரைனால். நம் நாட்டுச் செம்பனை எண்ணெயில் டோக்கோடிரைனால் நிறைய உண்டு. மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கொழுப்புக் கல்லீரலும் அதிகக் கொலஸ்ட்ராலும் இருந்த 87 பேரைச் சேர்த்து, ஒரு பிரிவினருக்கு நாளுக்கு இருமுறை 200 மில்லிகிராம் டோக்கோடிரைனாலும், மறு பிரிவினருக்கு வெற்று மாத்திரையும் ஓராண்டு கொடுத்தார்கள். முடிவு 2013இல் வெளிவந்தது. ஸ்கேனில் கல்லீரல் சீரானவர்கள் முதல் பிரிவில்தான் அதிகம். ஆனால் இது சிறிய ஆய்வு என்பதை மறந்துவிடக் கூடாது.

அமெரிக்காவில் 2010இல் வெளியான ஆய்வில், இனிப்புநீர் இல்லாத, கல்லீரல் வீக்கமுள்ள 247 பேர் கலந்துகொண்டனர். தினமும் 800 அலகு வைட்டமின் ‘ஈ’ எடுத்தவர்களில் 43 விழுக்காட்டினருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 19 விழுக்காட்டினருக்கும் முன்னேற்றம் தெரிந்தது.

அப்படியானால் இனிப்புநீர்? அமெரிக்காவில் 38,000க்கும் மேற்பட்ட பெண்களை ஏறக்குறைய பத்தாண்டுகள் கவனித்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் 600 அலகு எடுத்தும் இனிப்புநீர் வருவது குறையவில்லை. கல்லீரலுக்குக் கிடைத்த பலனை இனிப்புநீருக்கும் சேர்த்து நம்புவது தவறு.

ஆபத்தும் உண்டு. தினமும் 400 அலகு எடுத்த ஆண்களுக்குப் புரோஸ்டேட் புற்றுநோய் 17 விழுக்காடு கூடியதாக 2011இல் தெரியவந்தது. வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு அதிக அளவு வைட்டமின் ‘ஈ’ இரத்தக் கசிவை உண்டாக்கலாம்.

நமக்குத் தேவை நாளுக்கு 15 மில்லிகிராம் மட்டுமே. ஒரு கைப்பிடி சூரியகாந்தி விதையோ பாதாமோ அதில் ஏறக்குறைய பாதியைத் தரும். நிலக்கடலையிலும் கீரையிலும் கொஞ்சம் உண்டு. நாசி கண்டாரில் குழம்பைக் குறைத்து, காய்கறியைக் கூட்டுங்கள். தே தாரிக்கில் சர்க்கரையைக் குறையுங்கள். சாப்பிட்ட பின் அரை மணி நேரம் நடங்கள். இடுப்பளவு குறைந்தால் கல்லீரல் கொழுப்பும் குறையும்.

ஏற்கெனவே மாத்திரை வாங்கி வைத்திருக்கிறீர்களா? அடுத்த முறை கிளினிக்குச் செல்லும்போது அந்தப் போத்தலையும் எடுத்துச் சென்று டாக்டரிடம் காட்டுங்கள். அவர் சொல்லாமல் இனிப்புநீர் மருந்தை ஒருநாளும் நிறுத்தாதீர்கள். சிறுநீரகமும் கண்ணும் கெட்டபின் வருந்திப் பயனில்லை.