அணிலும் கடல் அட்டையும்: இரண்டு கேள்விகள்

'தென்னைக்குள் ஊடுபயிராக இருக்கும் கோகோவை அணில் துளைக்கிறது, சொட்டுநீர்க் குழாயையும் கடிக்கிறது. விஷம் வைக்கலாமா?' என்று ஒரு விவசாயி கேட்டிருக்கிறார். 'இலங்கையில் கடல் அட்டைப் பண்ணை நடக்கிறதே, நாமும் வளர்க்கலாமா?' என்பது ராமநாதபுரம் வாசகரின் கேள்வி. இரண்டு உயிர்களின் உடலமைப்பைத் தெரிந்துகொண்டால் பதில் எளிது.

அணிலுக்கு முதுகெலும்பு, இதயம், மூளை எல்லாம் உண்டு. கடல் அட்டைக்கு இவை மூன்றும் இல்லை. ரத்தம் உறிஞ்சும் அட்டைக்கும் அதற்கும் உறவில்லை. அது நட்சத்திர மீனின் இனம். ஆனால் இரண்டுக்கும் வளரும் உறுப்பு ஒன்று உண்டு. ஆபத்து வந்தால் கடல் அட்டை தன் குடலையே வெளியே தள்ளிவிடும். பிறகு புதுக்குடல் வளரும். அணிலுக்கு முன்பற்கள் ஆயுள் முழுக்க வளரும். கடித்துத் தேய்த்தே ஆகவேண்டும்.

தோட்டத்தில்

கோடையில் தண்ணீருக்காகவும் அணில் குழாயைக் கடிக்கும். தோப்பில் நான்கைந்து இடங்களில் மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள். பழுத்த கோகோ காய்களை மரத்தில் விட்டுவைக்காமல் அவ்வப்போது பறித்துவிடுங்கள். கொய்யா, மாதுளைக்கு உறை கட்டலாம். கோகோ காயின் நடுவில் துளை இருந்தால் பெரும்பாலும் அணில். காம்புப் பக்கம் இருந்தால் எலி. அணில் பூச்சிகளையும் தின்னும், விதைகளையும் பரப்பும். விஷம் வேண்டாம். கோழி, நாய், மயில் என்று எது தின்றாலும் நஷ்டமும் வழக்கும் உங்களுக்குத்தான்.

கடலில்

நிலத்துக்கு மண்புழு எப்படியோ, கடலடிக்குக் கடல் அட்டை அப்படி. மணலை விழுங்கி, அதிலுள்ள மட்கை உண்டு, சுத்தமான மணலை வெளியேற்றும். கடல்புல் செழிக்கும்; அதில் இறாலும் மீன்குஞ்சும் வளரும்.

அணில் ஓடித் தப்பும். இது ஊர்ந்துதான் போகும். மூழ்கிக் கையாலேயே பொறுக்கிவிடலாம். ஆண் விந்தையும் பெண் முட்டையையும் நீரில்தான் விடும்; எண்ணிக்கை குறைந்தால் கரு சேராது. இந்த நிலை வந்ததால்தான் 2001-ல் எல்லாக் கடல் அட்டைகளும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. பிடித்தாலோ, உலர்த்தி விற்றாலோ 3 முதல் 7 ஆண்டு வரை சிறை.

தூத்துக்குடியில் 1988-லேயே மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் வெள்ளை அட்டைக் குஞ்சுகளை உற்பத்தி செய்தது. தொழில்நுட்பம் இருக்கிறது, அனுமதிதான் இல்லை. 'குஞ்சு தருகிறோம், பண்ணை போடுங்கள்' என்று யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். முதலில் வனத்துறையிடமும் மீன்வளத்துறையிடமும் விசாரியுங்கள்.