காற்றைச் சோறாக்கும் யந்திரம்

வடசென்னையில் மாத்தூரிலிருந்து மணலிக்குப் போகிறவர்கள் எம்.எஃப்.எல். ரவுண்டானாவைக் கடக்கும்போது டேங்கர் லாரிக்கும் கன்டெய்னர் லாரிக்கும் ஒதுங்கி வழிவிடுவதிலேயே கருத்தாக இருப்பார்களேயன்றி, உர ஆலையின் மதிலுக்கு அப்பால் வானை அளாவி நிற்கும் கோபுரங்களும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் குழாய்களும் இரவு பகலாக என்ன காரியம் செய்கின்றன என்று கேட்பவர் மிகச் சிலர். எப்போதேனும் மூக்கைச் சுளிக்க வைக்கும் நெடியொன்று காற்றோடு வந்தால், "அம்மோனியா" என்று ஒரே வார்த்தையில் விஷயத்தை முடித்து ஜன்னலைச் சாத்திக்கொள்வது பேட்டை வழக்கம். ஆகாய விமானத்தையும் அணுகுண்டையும் கம்ப்யூட்டரையும் இருபதாம் நூற்றாண்டின் பெரும் சாதனைகளென்று புகழாதவர் இல்லை. ஆனால் அவை யாவும் இல்லாமற் போனாலும் மனிதகுலம் எப்படியோ காலந்தள்ளிவிடும். அந்த மதிலுக்குள் ஓடுகிற யந்திரமும் உலகெங்கும் அதனோடு பிறந்த யந்திரங்களும் நின்றுபோனால், இன்று பூமியில் வாழும் ஜனங்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு உணவில்லை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இத்தகைய யந்திரத்தின் அண்டைவீட்டுக்காரர்களாகிய நாம் அதன் வரலாற்றையும் வேலை செய்யும் விதத்தையும் ஓரளவேனும் அறிந்திருப்பது அவசியம்.

பயிர் செழிக்க நைட்ரஜன் வேண்டும். நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு எழுபத்தெட்டுப் பங்கு நைட்ரஜனே. மாத்தூர் எம்.எம்.டி.ஏ. குடியிருப்பில் பத்தடி நீளமும் பத்தடி அகலமும் பத்தடி உயரமும் உள்ள ஓர் அறையை எடுத்துக்கொண்டால், அதில் அடைந்திருக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் மட்டும் ஒரு மூட்டை யூரியா உரத்துக்குப் போதுமானது. சற்று மிச்சமும் இருக்கும். இவ்வளவு ஐசுவரியம் தலைக்கு மேல் கொட்டிக் கிடந்தும், நெற்பயிரால் அதில் அணுவளவும் எடுத்துக்கொள்ள இயலாது. காரணம், நைட்ரஜனின் இரண்டு அணுக்கள் மூன்று பிணைப்புகளால் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருப்பதும், அப்பிடியை விலக்கும் சக்தி பயிருக்கு இல்லாதிருப்பதுமேயாகும். மின்னலுக்கு அந்தச் சக்தி சிறிது உண்டு; அவரை இனச் செடிகளின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களுக்கு நிறைய உண்டு. நெல் அறுத்த தாளடியில் உளுந்தும் பயறும் தெளித்ததும், கொளுஞ்சியையும் சணப்பையும் மடக்கி உழுததும், வயலில் ஆட்டுக்கிடை போட்டதும், ரசாயன சாஸ்திரம் பயிலாமலே நம் முன்னோர் நைட்ரஜனைத் தேடிக்கொண்ட உபாயங்களாம். அவ்வுபாயங்கள் நல்லவையே எனினும், ஜனத்தொகை பெருகிய வேகத்துக்கு அவை ஈடுகொடுக்கவில்லை.

ஐரோப்பா இந்தக் குறையைக் கடல் கடந்து சென்று நிவர்த்தித்துக்கொண்டது. தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில், அட்டக்காமா பாலைவனத்தில் இயற்கையாகப் படிந்து கிடந்த நைட்ரேட் உப்பை வெட்டிக் கப்பல் கப்பலாக ஏற்றி வந்து வயலில் இட்டார்கள். வெடிமருந்துக்கும் அதுவே மூலப்பொருள். 1898-ல் பிரிட்டிஷ் விஞ்ஞானச் சங்கத்தின் கூட்டம் பிரிஸ்டல் நகரில் கூடியபோது, அதன் தலைவராகிய சர் வில்லியம் குரூக்ஸ், சிலி நாட்டின் உப்பு தீர்ந்துபோகும் காலம் தொலைவில் இல்லையென்றும், கோதுமை உண்ணும் நாடுகள் பட்டினியை எதிர்நோக்கியிருக்கின்றன என்றும் எச்சரித்து, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்கும் மார்க்கத்தை ரசாயன வல்லுநர்களே காண வேண்டும் என்று வேண்டிக்கொண்டார்.

அம்மார்க்கம் அம்மோனியாவின் வழியாகவே அமைந்தது. அம்மோனியா என்பது ஒரு பங்கு நைட்ரஜனும் மூன்று பங்கு ஹைட்ரஜனும் கூடியதொரு வாயு. காகிதத்தில் ஒரே வரியில் எழுதிவிடக்கூடிய இந்தச் சேர்க்கையைக் கலத்தில் நடத்திக் காட்டுவது தலைமுறைகளுக்குக் கைவராத வேலையாயிற்று. பிரெஞ்சு அறிஞர் லெ ஷாட்லியே 1901-ல் உயர்ந்த அழுத்தத்தில் முயன்றபோது கலம் வெடித்ததால் முயற்சியையே கைவிட்டார். சிக்கலின் வேர், நைட்ரஜனின் பிடியை விலக்க மிகுந்த உஷ்ணம் தேவைப்படுகையில், அதே உஷ்ணம் உண்டான அம்மோனியாவை மீண்டும் சிதைத்துவிடுகிறது என்பதில் இருக்கிறது. உஷ்ணத்தைக் குறைத்தால் சேர்க்கை நடக்காது. கூட்டினால் சேர்ந்தது நில்லாது. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே தொழில்நுட்பக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த பிரிட்ஸ் ஹேபர், வாயுக்களைக் கடுமையாக அழுத்தியும், சேர்க்கையைத் துரிதப்படுத்தும் கிரியா ஊக்கியாக ஆஸ்மியம் என்ற அபூர்வ உலோகத்தை வைத்தும் இந்த முரண்பாட்டின் நடுவே ஒரு வழி கண்டார். அவருடன் உழைத்த ராபர்ட் லெ ரோசிஞோல் என்ற பிரிட்டிஷ் இளைஞர் கையால் செய்த நுண்ணிய வால்வுகள் இல்லாவிட்டால் அந்த அழுத்தம் கலத்துக்குள் நின்றிராது. 1909 ஜூலை 2-ஆம் தேதி, பி.ஏ.எஸ்.எஃப். என்ற ரசாயனக் கம்பெனியின் பிரதிநிதிகள் பார்த்திருக்க, மேஜைமேல் நின்ற அச்சிறு கருவியிலிருந்து அம்மோனியா திரவமாகச் சொட்டுச் சொட்டாய் மணிக்கணக்கில் விழுந்தது.

ஆய்வுக்கூடத்தில் சொட்டியதை ஆலையில் ஆறாக ஓடச் செய்யும் பொறுப்பைக் கம்பெனி ஒப்படைத்தது, உலோக சாஸ்திரமும் பயின்றிருந்த கார்ல் போஷ் என்பவரிடம். விஞ்ஞான சரித்திரங்கள் ஹேபரைக் கொண்டாடும் அளவுக்குப் போஷைக் கொண்டாடுவதில்லை. என் அபிப்பிராயத்தில் கதையின் சாரம் போஷ் பட்ட பாட்டிலேதான் இருக்கிறது. முதலாவதாக, உலகம் முழுவதும் கிடைத்த ஆஸ்மியம் சுமார் 100 கிலோகிராமே. அதை நம்பி ஆலை கட்ட முடியாது. போஷின் சகாவான ஆல்வின் மிட்டாஷ் ஏறத்தாழ 2,500 பொருள்களை 6,500 பரிசோதனைகளில் சலிக்காமல் சோதித்து, சுவீடன் நாட்டுக் காந்தக் கல்லிலிருந்து எடுத்த இரும்புடன் சிறிது அலுமினிய ஆக்ஸைடும் பொட்டாசியமும் சேர்ந்தால் ஆஸ்மியத்துக்குச் சமானமாக வேலை செய்யும் என்று கண்டார். அடிப்படையில் இன்றும் அதே இரும்புதான் பெரும்பாலான ஆலைகளில் இருக்கிறது.

இரண்டாவது இடையூறு இன்னும் பொல்லாதது. பெரிய எஃகுக் குழாய்களில் யந்திரத்தை ஓட்டியபோது அவை எண்பது மணி நேரத்தில் வெடித்தன. வெட்டிப் பார்த்ததில், அழுத்தமும் உஷ்ணமும் மிகுந்த ஹைட்ரஜன் எஃகுக்குள் ஊடுருவி அதன் உறுதிக்கு ஆதாரமான கரியைத் தின்றுவிடுவதும், எஃகு பொடிந்துபோவதும் தெரிந்தன. எஃகு இல்லாமல் அழுத்தத்தைத் தாங்க முடியாது. எஃகு இருந்தால் ஹைட்ரஜன் தின்றுவிடும். போஷ் இரண்டு வேலைகளையும் இரண்டு குழாய்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். உள்ளே கரியில்லாத மெல்லிரும்புக் குழாய். அதிலிருந்து ஹைட்ரஜனுக்குத் தின்னக் கிடைப்பது ஒன்றுமில்லை. வெளியே அழுத்தத்தைத் தாங்கும் எஃகுக் குழாய். அதன் சுவரில் வரிசையாகச் சிறு துளைகள். உள்குழாயைத் தாண்டிக் கசியும் சொற்ப ஹைட்ரஜன் எஃகைத் தொட்டு நிற்பதற்குள் அழுத்தமிழந்து துளைகளின் வழியே வெளியேறிவிடும். கசிவை அடைக்கப் பாடுபடாமல் அதற்கு ஒரு வாசல் திறந்துவிட்ட அந்த யுக்தியினாலேயே 1913-ல் ஜெர்மனியின் ஓப்பாவ் என்னுமிடத்தில் இம்முறையில் அம்மோனியா செய்யும் உலகின் முதல் ஆலை ஓடத் தொடங்கியது. ஹேபருக்கு 1918-ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசும், உயரழுத்த ரசாயன முறைகளுக்காகப் போஷுக்கு 1931-ல் நோபல் பரிசும் கிடைத்தன.

இனி மணலிக்கு வருவோம். மத்திய அரசும் அமெரிக்காவின் அமோக்கோ நிறுவனமும் கூட்டாக 1966-ல் ஸ்தாபித்த மெட்ராஸ் பெர்டிலைசர்ஸ், அதாவது எம்.எஃப்.எல்., 1971-ல் உற்பத்தியைத் தொடங்கியது. அண்டையில் 1969-ல் ஓடத் தொடங்கிய எண்ணெய்ச் சுத்திகரிப்பாலையின் நாப்தா என்ற எண்ணெய்ப் பொருளே நெடுங்காலம் அதற்கு மூலப்பொருள்; 2019 முதல் எண்ணூர்த் துறைமுகத்தில் இறங்கும் இயற்கை வாயு குழாய் வழியாக வருகிறது. அந்த வாயுவிலிருந்து கந்தகத்தை நீக்கி, நீராவியுடன் கலந்து, நிக்கல் நிறைந்த குழாய்களில் எண்ணூறு டிகிரி அளவுக்குச் சூடேற்றினால் ஹைட்ரஜன் பிரிகிறது. அவ்வாறு பிரியும் ஹைட்ரஜனில் ஏறத்தாழப் பாதி வாயுவிலிருந்தும் மறுபாதி நீரிலிருந்தும் வருவது என்பதைக் கவனிக்க வேண்டும். கொடுங்கையூரில் நகரத்தின் கழிவுநீரை நாளொன்றுக்கு நாலரைக் கோடி லிட்டர் வரை சுத்திகரித்து மணலித் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையம் 2019-ல் திறக்கப்பட்டது. சென்னை கழித்த நீர் இவ்வாறு தொழிலுக்குப் பயன்படுகிறது. ஹைட்ரஜன் பிரிந்தபின், அடுத்த கட்டத்தில் வெளிக்காற்றை உள்ளே செலுத்துகிறார்கள். காற்றின் பிராணவாயு அங்கே எரிந்து தீர, வேண்டிய நைட்ரஜன் மிஞ்சுகிறது. பின்னர் கரியமில வாயுவைப் பிரித்துத் தனியே வைத்துக்கொண்டு, நைட்ரஜனும் ஹைட்ரஜனும் கொண்ட கலவையைப் பெரும் கம்ப்ரஸர்களால் அழுத்தி அம்மோனியாக் கலத்துக்கு அனுப்புகிறார்கள்.

கலத்துக்குள் நானூறு முதல் ஐந்நூறு டிகிரி உஷ்ணம். அழுத்தமோ இத்தகைய ஆலைகளில் வெளிக்காற்றைப் போல நூற்றைம்பது முதல் முந்நூறு மடங்கு. இவ்வளவு சிரமப்பட்டும் ஒரு சுற்றில் நூற்றுக்குப் பதினைந்து அல்லது இருபது பங்கே அம்மோனியாவாக மாறுகிறது. அரிசி மாவு இடிக்கிற பெண்கள் சலித்து எடுத்த மாவை ஒதுக்கி, சல்லடையில் நின்ற கப்பியை மறுபடி உரலிலிட்டு இடிப்பது போல, வெளிவந்த வாயுவைக் குளிரச் செய்து திரவமாகும் அம்மோனியாவை எடுத்துக்கொண்டு, சேராமல் நின்றதை மறுபடி கலத்துக்கே அனுப்புகிறார்கள். இந்தச் சுழற்சி ஓயாமல் நடைபெற வேண்டும்; ஆகையால்தான் ஆலைக்கு இரவென்றும் ஞாயிறென்றும் பேதமில்லை. கிடைத்த அம்மோனியாவை முன்னர் ஒதுக்கி வைத்த கரியமில வாயுவுடன் உயர்ந்த அழுத்தத்தில் சேர்த்தால் யூரியா உண்டாகிறது. உருகிய யூரியாவை உயரமான கோபுரத்தின் உச்சியிலிருந்து மழையாகத் தூவ, கீழிருந்து எழும் காற்றில் அது விழும்போதே குளிர்ந்து இறுகி, தரையை அடையும்போது வெண்மணிகளாகிவிடுகிறது. அம்மணிகளில் நூற்றுக்கு நாற்பத்தாறு பங்கு நைட்ரஜன். நாற்பத்தைந்து கிலோ மூட்டையில் இருபது கிலோவுக்குச் சற்று மேல். 1990-களில் விஸ்தரிக்கப்பட்ட மணலி ஆலையின் திறன் நாளொன்றுக்கு 1,050 டன் அம்மோனியாவும் 1,475 டன் யூரியாவும் ஆகும்.

இந்தத் தொழிலில் தமிழருக்கு இன்னும் பழைய பாத்தியதை உண்டு. திருச்சியைச் சேர்ந்த சேஷசாயி பிரதர்ஸ் நிறுவனத்தார், திருவிதாங்கூர் திவான் சர் சி. பி. ராமசாமி ஐயரின் ஆதரவுடன் 1943-ல் ஆலுவாய்க்கு அருகே தொடங்கிய பாக்ட் உர ஆலை, 1947-ல் காட்டு விறகை வாயுவாக்கி அதிலிருந்து அம்மோனியா செய்தது. பின்னர் 1951-ல் சிந்திரி உர ஆலை வந்தது. 1966-ல் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியிலிருந்து யூரியா செய்தார்கள். மணலிக்குப் பின் 1975-ல் தூத்துக்குடியில் ஸ்பிக் உர ஆலை எழுந்தது. ஆடுதுறை 27 போன்ற புதிய நெல் ரகங்கள் தஞ்சை வயல்களில் அதிக மகசூல் தந்தது, இத்தகைய உரம் உடன் கிடைத்ததால்தான்.

யந்திரத்தின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடலாகாது. முதல் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் கப்பற்படை சிலி உப்பை மறித்தபோது, ஜெர்மனி வெடிமருந்துக்கு நைட்ரேட் பெற்றது பெருமளவு ஹேபரின் முறையினாலேயே. 1915 ஏப்ரலில் ஈப்ரே போர்முனையில் குளோரின் விஷவாயுவை ஏவும் ஏற்பாட்டை நடத்தியவரும் அவரே. இறுகிப்போன உரக் குவியலை வெடிவைத்துத் தளர்த்தும் வழக்கத்தால் 1921 செப்டம்பரில் ஓப்பாவ் ஆலையே வெடித்து ஐந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நம் பக்கத்திலேயே, 2023 டிசம்பர் 26 நள்ளிரவையொட்டி, எண்ணூர் பெரியகுப்பத்துக்கு அருகில் கடலுக்கடியில் செல்லும் அம்மோனியாக் குழாயில் கசிவு ஏற்பட்டு, உறங்கிக் கொண்டிருந்தவர்கள் மூச்சுத் திணறி வீட்டை விட்டு ஓட நேர்ந்தது. பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர். வயலிலோ, அளவுக்கு மிஞ்சி இடும் யூரியாவில் பெரும்பகுதி பயிருக்குச் சேராமல் நிலத்தடி நீரையும் காற்றையும் கெடுக்கிறது.

ஆகவே இந்த யந்திரத்தை வாழ்த்துவதோ சபிப்பதோ அல்ல நம் கடமை, அறிந்துகொள்வதே. அம்மோனியா நீரில் மிக எளிதில் கரையும் என்ற ஒரே ரசாயன உண்மையைத் தெரிந்துகொண்டவன், நெடி கடுமையாகும் வேளையில் நனைத்த துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காற்று வீசும் போக்கில் ஓடாமல் குறுக்காக விலகிச் செல்வான். அறியாதவன் காற்றோடு சேர்ந்து ஓடி அதிலேயே அகப்படுவான். மாத்தூர், மணலி, எண்ணூர் வட்டாரத்துப் பள்ளிகள் இவ்விஷயத்தை எட்டாம் வகுப்பிலேயே கற்றுத் தரவும், ஆலைகள் ஆண்டுக்கொரு நாளேனும் மாணவர்களுக்குக் கதவைத் திறந்து விளக்கிச் சொல்லவும் வேண்டும். அண்டையில் ஓடும் யந்திரம் தங்கள் உணவுக்கும் உயிருக்கும் எவ்வாறு சம்பந்தப்பட்டிருக்கிறது என்று கேட்டறிவது இப்பகுதி மக்களின் உரிமை. அதைக் கேட்கத் தயங்க வேண்டாம்.